கேரியர் மேல் சோலார் பேனல்: சார்ஜ் ஏறாவிட்டால் எங்கே பார்ப்பது

ஒரு மல்ட்டிமீட்டர், பத்தாம் நம்பர் ஸ்பேனர், பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர், பழைய பவானி ஜமுக்காளம் ஒன்று. இந்த நான்கும் வண்டியில் இருந்தால், மேல் கேரியரில் மாட்டிய சோலாரில் வரும் கோளாறுகளில் முக்கால்வாசியை நிறுத்திய இடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். ஜமுக்காளம் எதற்கு என்பது கொஞ்சம் கழித்து வரும்.

என் வண்டி பழைய ஆம்னி. கூரையோரம் மழைத்தண்ணீர் ஓடும் விளிம்பில் கிளாம்ப் போட்டு உட்கார வைத்த கேரியர். அதன்மேல் 100 வாட் பேனல் இரண்டு, பேரலலாக. உள்ளே பேனல் கரண்ட்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எம்பிபிடி வகைக் கண்ட்ரோலர், 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரி, 12 வோல்ட்டில் ஓடும் சின்ன ஃபிரிட்ஜ், ஒரு ஃபேன், இரண்டு எல்இடி விளக்கு. ஆழியாறு, அமராவதி, பவானிசாகர் பக்கம் சொந்தக்காரர் தோப்பிலோ தோட்டத்துக் களத்திலோ நிறுத்திப் படுப்பதுதான் எங்கள் கேம்பிங். ஆனைமலையிலும் சத்தியமங்கலத்திலும் புலிகள் காப்பகத்துக்குள் நினைத்த இடத்தில் வண்டியைப் போட்டுப் படுக்க விடமாட்டார்கள், அது நியாயமும்கூட.

சார்ஜ் வரவில்லை என்றதும் எல்லோரும் முதலில் கேரியர் மேல் ஏறுகிறார்கள். நானும் அப்படித்தான் ஏறினேன். கோளாறு பெரும்பாலும் அங்கே இருக்காது. பேனலில் அசைகிற பாகம் எதுவும் கிடையாது, சும்மா வெயிலில் கிடக்கிற கண்ணாடி அது. போவது கனெக்டர், வயர் முனையில் மாட்டும் லக்கு, ஃபியூஸ், வயர். அதனால் பேட்டரியில் ஆரம்பித்து மேல்நோக்கிப் போங்கள். இத்தனை வருடத்தில் என்னிடம் ஒரே ஒரு பேனல்தான் போயிருக்கிறது. அதுவும் நான் மேலே ஏறி அதன்மேல் முட்டி போட்டதால்.

வெயில் கொளுத்துகிறது, கண்ட்ரோலரில் ஆம்பியர் பூஜ்யம்

முதலில் கண்ட்ரோலரின் டிஸ்ப்ளே எரிகிறதா பாருங்கள். அது பேட்டரியிலிருந்துதான் உயிர் வாங்குகிறது. டிஸ்ப்ளேயே செத்துக் கிடந்தால் பேனலைச் சந்தேகிக்க வேலையே இல்லை. பேட்டரிக்கும் கண்ட்ரோலருக்கும் நடுவில் இருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். கண்ணால் பார்த்தால் போதாது, கழற்றி மீட்டரில் பீப் சத்தம் வருகிறதா பார்க்க வேண்டும். ஃபியூஸ் நன்றாக இருந்தால் பேட்டரி முனையில் வோல்ட் பாருங்கள். லித்தியம் பேட்டரியில் பூஜ்யமோ இரண்டு மூன்று வோல்ட்டோ காட்டினால் பயப்படாதீர்கள். பேட்டரி அடிமட்டம் இறங்கியதும் உள்ளே இருக்கும் பிஎம்எஸ் என்னும் காவல் சர்க்யூட் கதவைச் சாத்திவிட்டது, அவ்வளவுதான். கண்ட்ரோலருக்கு உயிர் வர பேட்டரி வேண்டும், பேட்டரி எழ சார்ஜ் வேண்டும். ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு இரண்டும் தூங்கும். லித்தியம் சார்ஜரை ஐந்து நிமிடம் போட்டால் எழுந்துவிடும். தோப்புக்குள் சார்ஜர் இல்லையென்றால், வண்டி பேட்டரியிலிருந்து ஒரு பழைய ஹெட்லைட் பல்பை நடுவில் சீரியலாக வைத்துக் கொடுங்கள். பல்பு கரண்ட்டைக் கட்டுப்படுத்தும். நேராக வயரைத் தொட்டால் பொறி பறக்கும்.

டிஸ்ப்ளே எரிகிறது, ஆம்பியர் மட்டும் இல்லை என்றால், பேட்டரி நிறைந்துவிட்டதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், எனக்கு வந்த போன்களில் பாதி இதுதான். பேட்டரி நிறைந்தால் கண்ட்ரோலர் கரண்ட்டை நிறுத்தத்தான் செய்யும். ஃபேனையும் விளக்கையும் போட்டுவிடுங்கள், ஆம்பியர் ஏறினால் கோளாறு எதுவும் இல்லை.

அதுவும் இல்லையென்றால், கண்ட்ரோலரில் பேனல் வயர் நுழையும் முனையில் வோல்ட் பாருங்கள். 36 செல் உள்ள 100 வாட் பேனல் எந்த லோடும் இல்லாமல் 20, 22 வோல்ட் காட்டும். பூஜ்யம் என்றால் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. மைனஸ் குறியோடு காட்டினால் யாரோ வயரை மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

20 வோல்ட் வருகிறது, ஆம்பியர் மட்டும் இல்லை என்னும் இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மேகம் மூடிய நாளிலும் பேனல் கிட்டத்தட்ட அதே வோல்ட்டைத்தான் காட்டும். துருப்பிடித்த கனெக்டர் வழியாகவும் காட்டும். மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமில்லாத அளவு என்பதால், நூல் கனத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் ஜாயிண்டுகூட வோல்ட்டைக் கடத்திவிடும். கரண்ட் கேட்டால்தான் குட்டு வெளிப்படும்.

ஜமுக்காளம் இதற்குத்தான். பேனல் வயரை வெயிலில், லோடு ஓடும்போது பிடுங்கினால் கனெக்டரில் பொறி அடித்துக் கருகும். ஆகவே முதலில் பேனலை ஜமுக்காளத்தால் முழுக்க மூடுங்கள். வேட்டி, சேலையெல்லாம் வெளிச்சம் விடும், தடித்த ஜமுக்காளம் விடாது. மூடியபின் பேனல் வயரை இணைக்கும் எம்சி4 கனெக்டரைக் கழற்றுங்கள். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, டிசி ஆம்பியரில் வைத்து, பேனலின் இரண்டு முனைகளையும் மீட்டர் வழியாக நேராகச் சேருங்கள். இப்போது ஜமுக்காளத்தை எடுங்கள். நல்ல வெயிலில் 100 வாட் பேனல் 5 முதல் 6 ஆம்பியர் வரை காட்ட வேண்டும். காட்டினால் பேனல் நன்றாக இருக்கிறது என்று சத்தியமே செய்யலாம். இரண்டு பேனல் பேரலலில் இருந்தால் ஒவ்வொன்றாகச் செய்யுங்கள், சேர்த்தால் மீட்டரின் 10 ஆம்பியரைத் தாண்டிவிடும். முடிந்ததும் மறுபடி மூடி, வயரைக் கழற்றி, சிவப்பு வயரைப் பழைய துளைக்கு மாற்றுங்கள். மறந்துபோய் அப்படியே பேட்டரி வோல்ட் பார்க்கப் போனால் பேட்டரியை மீட்டர் வழியாக ஷார்ட் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

பேனல் நன்றாக இருந்து கண்ட்ரோலருக்கு மட்டும் வரவில்லையென்றால் குற்றவாளி கனெக்டர்தான். என்னுடையதில் அப்படித்தான் நடந்தது. எம்சி4 முள்ளைக் கிரிம்ப் செய்ய அதற்கென ஒரு டூல் உண்டு. நான் சோம்பேறித்தனமாக கட்டிங் பிளேயரால் நசுக்கிவிட்டேன். ஒரு வருடம் ஓடியது. ஒரு நாள் கழற்ற முயன்றால் இரண்டு பாதியும் பிரியவே இல்லை. கத்தியால் நெம்பிப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளிநிறமாக இருக்க வேண்டிய முள் காப்பித்தூள் நிறத்தில் இருந்தது, கறுப்பு பிளாஸ்டிக் ஒரு பக்கம் மெழுகுபோல உருகி மடிந்திருந்தது. வயரை லேசாக இழுத்தேன், முள்ளிலிருந்து உருவிக்கொண்டு கையோடு வந்தது. கோவையில் டூல் வாங்கி நான்கு கனெக்டரையும் மாற்றினேன். இப்போது மாதம் ஒருமுறை மதிய வெயிலில் ஒவ்வொரு கனெக்டரையும் கையால் தொட்டுப் பார்க்கிறேன். பக்கத்து வயரைவிடச் சுட்டால் அது போகப் போகிறது.

பேனலை முதலில் மாட்டிவிட்டுப் பேட்டரியைப் பின்னால் மாட்டினாலும் சில கண்ட்ரோலர்கள் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று குழம்பி நின்றுவிடும். மாட்டும்போது பேட்டரி முதலில், கழற்றும்போது பேனல் முதலில்.

சார்ஜ் வருகிறது, ஆனால் வரவேண்டியதில் பாதிதான்

எது முழு அளவு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 100 வாட் என்பது 25 டிகிரி செல் வெப்பத்தில் எடுத்த அளவு. சித்திரை வெயிலில் கேரியர் மேல் செல் 65 டிகிரியைத் தொடும். ஒரு டிகிரிக்கு 0.4 சதவீதம் வீதம் கணக்குப் போட்டால் அதிலேயே 16 வாட் போய்விடும். எம்பிபிடி கண்ட்ரோலர் இருந்தால் 80 வாட் வந்தாலே நல்ல மகசூல். பழைய பிடபிள்யூஎம் கண்ட்ரோலர் என்றால் பேனலைப் பேட்டரியின் வோல்ட்டுக்கே இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் 5.5 ஆம்பியரும் 13 வோல்ட்டும், 70 வாட் சொச்சம்தான் வரும். இது கோளாறு கிடையாது.

மிகச் சரியாகப் பாதி, அதாவது நேற்று 11 ஆம்பியர் இன்று 5.5 என்றால், இரண்டு பேனலில் ஒன்று கழன்றுவிட்டது. இரண்டையும் சேர்க்கும் ஒய் கனெக்டரைப் பாருங்கள். ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி வால்பாறை ஏறும் வழியில் டீ குடிக்க நிறுத்திவிட்டு வந்தபோது எனக்கு இப்படி ஆனது. மேலே ஒரு குரங்கு உட்கார்ந்து வயரை இழுத்து ருசி பார்த்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து கேரியர் மேல் ஒரு விரல் நீளம் வயர்கூடத் தொங்கவிடுவதில்லை, எல்லாம் பிரேமுக்கு அடியில் கட்டியிருக்கிறேன்.

பாதியும் இல்லை, ஏறி இறங்குகிறது என்றால் நிழல். நம் ஊரில் இதுதான் முதல் எதிரி, அதுவும் தென்னை. தோப்புக்குள் வண்டியை விடும்போது மனசு நிழலைத்தான் தேடும். ஒரு மட்டை நிழல் விழுந்தால் என்ன, பேனலில் பத்தில் ஒரு பங்குதானே என்று நினைப்போம். அப்படி இல்லை. 36 செல்லும் ஒரே சங்கிலி, ஒரு செல் இருட்டானால் சங்கிலி முழுக்க அந்த அளவுக்குத்தான் கரண்ட் ஓடும். பேனலுக்குப் பின்னால் பைபாஸ் டையோடு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அது நிழல் விழுந்த 18 செல்லை ஒதுக்கிவிடும். ஆனால் மிச்சம் 18 செல்லால் 9 வோல்ட்தான் தர முடியும். அதை வைத்து 12 வோல்ட் பேட்டரியை எப்படி நிரப்புவது? ஆக, ஒரே ஒரு ஓலை நிழல் அந்தப் பேனலையே படுக்கவைத்துவிடும்.

வண்டிக்கு நிழல் வேண்டும், பேனலுக்கு வெயில் வேண்டும். இந்தச் சண்டைக்கு நான் கண்ட சமாதானம், ஒரு பேனலைக் கழற்றக்கூடியதாக வைத்துக்கொள்வது. நான்கு போல்ட்டிலும் சிறகு நட், கூடவே பத்து மீட்டர் நீளத்துக்கு 4 ஸ்கொயர் (4 சதுர மில்லிமீட்டர்) டிசி வயர். வண்டி மர நிழலில், பேனல் களத்தில். பத்து மீட்டர் போய்வர அரை வோல்ட் குறையும், எம்பிபிடி அதைத் தாங்கும். மற்றபடி வண்டியை நிறுத்தும்போது மாதத்தையும் பாருங்கள். நாம் இருப்பது ஏறக்குறைய 11 டிகிரி வடக்கில். ஏப்ரல் இரண்டாம் பாதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும், அப்போது மரம் வண்டிக்கு வடக்கே இருக்கட்டும். படுக்கையாக மாட்டிய பேனலுக்கு மார்கழி மதியத்தில் ஆறில் ஒரு பங்கு குறைவது இயல்பு. அதற்காகச் சாய்க்கும் ஸ்டாண்ட் வாங்குவது வீண்செலவு என்பது என் கட்சி.

அப்புறம் அழுக்கு. பொள்ளாச்சி பக்கம் நார் மில் இருக்கும் ரோட்டில் ஒரு வாரம் ஓடினால் பேனல் மேல் பழுப்பாக ஒரு போர்வை படியும். தோட்டத்தில் விடிந்ததும் மயில் வந்து கேரியர் மேல் நின்றுவிட்டுப் போகும், அது வைத்துவிட்டுப் போகும் எச்சம் ஒரு செல்லை முழுசாக மூடும். அந்தச் செல் சூடேறிப் பழுத்துப் போகும் அபாயமும் உண்டு, அன்றைக்கே கழுவுங்கள். விடியற்காலையில், கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது. போர் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிட்டால் உப்பு வெள்ளைவெள்ளையாகப் படிந்து முன்பைவிட மோசமாகும். நல்ல தண்ணி ஒரு சொம்பு, ஈரத்துணி ஒன்று, காய்ந்த துணி ஒன்று. போதும்.

காலையில் ஜோராக ஏறுகிறது, மதியம் படுத்துவிடுகிறது

பிடபிள்யூஎம் கண்ட்ரோலரும் மெல்லிய வயரும் சேர்ந்தால் இது கட்டாயம் வரும். பேனலின் வேலை வோல்ட் 18. வெயிலில் காய்ந்ததும் அது 15க்கும் கீழே இறங்கிவிடும். வயர் ஒன்றரை ஸ்கொயர் என்றால், ஐந்து மீட்டர் போய்வருவதற்குள் ஆறு ஆம்பியரில் முக்கால் வோல்ட்டை அது தின்றுவிடும். மிஞ்சுவது 14 வோல்ட். லெட் ஆசிட் பேட்டரி நிறைய 14.4 வேண்டும். ஆக, உச்சிவெயிலில்தான் பேட்டரி நிறையாது! கேட்டால் நம்ப மாட்டார்கள். வயரை 4 ஸ்கொயராக மாற்றுவது முதல் மருந்து. பேனலுக்கும் கூரைக்கும் நடுவில் காற்றுப் போக நான்கு விரல்கடை இடைவெளி இரண்டாவது மருந்து. கூரையோடு ஒட்டிப் படுக்கவைத்த பேனல் தோசைக்கல்தான்.

எம்பிபிடியிலும் இது வந்தால் கண்ட்ரோலரைத் தொட்டுப் பாருங்கள். சூடு தாங்காமல் அது தானாகவே கரண்ட்டைக் குறைத்துக்கொள்ளும். நான் முதலில் அதை முன்சீட்டுக்குப் பின்னால் மாட்டியிருந்தேன், வயரிங் சுலபம் என்று. ஆம்னியில் இன்ஜின் இருப்பதே முன்சீட்டுக்கு அடியில். உடுமலையிலிருந்து வந்து நிறுத்தி ஒரு மணி நேரம் ஆகியும் அந்த இடம் அடுப்பாகக் கிடந்தது. பின்பக்கச் சுவருக்கு மாற்றியபின் தொல்லை இல்லை.

பின்கதவைச் சாத்தினால் சார்ஜ் போகிறது

இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று ட்ரிப் ஆனது. கோளாறு பார்க்கக் கதவைத் திறப்பேன், எல்லாம் நன்றாக வேலை செய்யும். திருப்தியாகச் சாத்திவிட்டு வருவேன், கொஞ்ச நேரத்தில் பூஜ்யம். ஒரு தடவை ஃபியூஸே போனது. கூரையில் ஓட்டை போட மனசில்லாமல், பேனல் வயரைப் பின்கதவின் ரப்பர் பீடிங் வழியாக உள்ளே விட்டிருந்தேன். கதவு சாத்தச் சாத்த, வயரின் மேல்தோல் ஒரே இடத்தில் நசுங்கி, உள்ளே செம்புக் கம்பி இழை இழையாக அறுந்து, மிச்சம் பாதி தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. கதவு திறந்திருந்தால் இழைகள் சேரும், சாத்தினால் பிரியும்.

இந்த மாதிரிச் சந்தேகம் வந்தால், ஒருவர் உள்ளே உட்கார்ந்து டிஸ்ப்ளேயைப் பார்க்க, இன்னொருவர் வெளியே நின்று கதவை மெதுவாகச் சாத்தி, வயரை ஒவ்வொரு இடமாக அசைக்க வேண்டும். எண் குதிக்கும் இடம்தான் கோளாறு. மருந்து என்று பார்த்தால் கடைசியில் ஓட்டைதான். கூரையில் வயர் கிளாண்ட் போட்டு, ஓட்டையின் விளிம்புக்குத் துருப்பிடிக்காமல் பெயிண்ட் அடித்து, சுற்றிலும் நல்ல சீலன்ட். வயர் உள்ளே நுழையுமுன் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏறட்டும். மழைத்தண்ணீர் வயர் வழியாக ஓடிவந்து தொங்கலின் அடியில் சொட்டிவிடும், உள்ளே வராது. சின்னக்கல்லாறு பக்கம் மழைக்காலத்தில் ஒரு நாள் நின்றால் இந்தத் தொங்கலின் அருமை தெரியும்.

ஃபியூஸ் போனால் பெரிய ஃபியூஸ் போடுகிறவர்களும், சிகரெட் அட்டையின் ஈயத்தாளைச் சுற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வண்டிக்குப் பக்கத்தில் நான் படுப்பதில்லை.

பகலில் பேட்டரி ஃபுல், ராத்திரி ஃபிரிட்ஜ் நின்றுவிடுகிறது

ஃபிரிட்ஜ் நின்ற அந்த நேரத்தில், அது ஓட முயலும்போதே, இரண்டு இடத்தில் வோல்ட் பாருங்கள். பேட்டரி முனையில் ஒன்று, ஃபிரிட்ஜின் பிளக்கில் ஒன்று. இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் என்றால் குற்றம் வயரில். ஃபிரிட்ஜோடு வரும் மெல்லிய வயரையும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டையும் நம்பாதீர்கள். கம்ப்ரஸர் கிளம்பும்போது இழுக்கும் இழுப்பில் வோல்ட் ஒரு நொடி சரியும், ஃபிரிட்ஜ் பேட்டரி இறங்கிவிட்டது என்று நினைத்துத் தன்னை நிறுத்திக்கொள்ளும். பேட்டரியிலிருந்து தனியாக ஃபியூஸோடு 4 ஸ்கொயர் இழுத்தபின் என் ஃபிரிட்ஜ் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

இரண்டு இடத்திலும் வோல்ட் குறைவு என்றால் பேட்டரியே பலவீனம், அல்லது செலவு வரவைவிட அதிகம். கணக்கு இப்படி: படுக்கையாகக் கிடக்கும் 200 வாட், ஐந்து மணி நேர நல்ல வெயில், 70 சதவீதம் கைக்கு வரும் என்று வைத்தால் நாளுக்கு 700 வாட் ஹவர். நம் சித்திரைச் சூட்டில் ஃபிரிட்ஜுக்கு 450, ராத்திரி முழுக்க ஓடும் ஃபேனுக்கு 150, விளக்கும் போனும் 60. சரியாக இருக்கிறது, ஆனால் ஒரு நாள் மேகம் மூடினால் அடுத்த நாள் துண்டு விழும். ஒரே ஒரு 100 வாட் பேனலில் ஃபிரிட்ஜும் ஃபேனும் ஓடும் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

வீட்டு இன்வர்ட்டரின் டியூபுலர் பேட்டரியைத் தூக்கி வண்டியில் வைக்கும் யோசனை பலருக்கு வரும். ஐம்பது கிலோவைத் தாண்டும் கனம், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு, வால்பாறை ஏறினால் நாற்பது கொண்டை ஊசி, ஒவ்வொன்றிலும் உள்ளே தளும்பும் ஆசிட். வேண்டாங்க.

மேலே சத்தம்

சத்தம் மூன்று வகை. ஊதல், கடகட, டொம். ஊதல் என்றால் ஆபத்தில்லை. கேரியரின் சதுரக் குழாய் முனை மூடாமல் இருந்தால் காற்றில் அது புல்லாங்குழல், பிளாஸ்டிக் மூடி போட்டால் அடங்கும். மூடியும் ஊதினால் முன்குறுக்குக் கம்பியில் நைலான் கயிற்றைத் திருகுச்சுற்றாக இடைவெளி விட்டுச் சுற்றுங்கள்.

கடகட என்றால் நட் தளர்ந்திருக்கிறது. உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட் போடுங்கள், ஸ்பிரிங் வாஷரை மட்டும் நம்பாதீர்கள். முறுக்கி முடித்ததும் நட்டின் மேலிருந்து பிரேம்வரை நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு உடைந்திருந்தால் நட் திரும்பியிருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியும். வீட்டில் பாட்டில் காணோம் என்று தேடுவார்கள், அதை நீங்கள் சமாளித்துக்கொள்ளுங்கள்.

டொம் என்றால் வண்டியை ஓரங்கட்டுங்கள், உடனே. பேனலின் முன்விளிம்பு தூக்குகிறது என்று அர்த்தம். ஆடிக் காத்துல அம்மியே பறக்கும் என்பது பல்லடம், உடுமலை, காங்கயம் பக்கம் வெறும் பேச்சில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் நம் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது, தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசலில் நெருக்கியடித்து உள்ளே வருகிறது. அங்கே அத்தனை காற்றாலை நிற்பதும் அதனால்தான். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது 100 வாட் பேனலை முழுக்கக் காற்று பிடித்தால் 20 கிலோ விசை. எதிரே 40 கிலோமீட்டர் காற்று வீசினால் 120க்குச் சமம், விசை 45 கிலோ. வேகம் ஏற விசை அதன் வர்க்கத்தில் ஏறும்.

ஆடி மாதம் ஒருநாள் உடுமலை ரோட்டில் மேற்கே பார்த்துப் போய்க்கொண்டிருந்தேன். முதலில் கடகட, பிறகு டொம். இறங்கிப் பார்த்தால் முன்பக்க கிளாம்ப் ஒன்று விளிம்பிலிருந்து நழுவி, பேனல் மூலை ஒரு சாண் மேலே நின்றது. ஜமுக்காளத்தைச் சுருட்டி அடியில் திணித்து, கயிற்றால் கட்டி, முப்பதில் ஓட்டி வந்தேன். லாரி பாடி கட்டும் திருச்செங்கோட்டுப் பட்டறையில் காட்டினேன். வெல்டர் அண்ணன் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “ஏனுங்ணா, காத்து வர்ற வழியில வாயத் தொறந்து வெச்சிருக்கீங்ளே, தூக்காம என்னங் பண்ணும்?” என்றார். பேனலுக்கு முன்னால் ஒரு தகட்டைச் சாய்த்து வைத்து முன்வாயை அடைத்தார். பக்கமும் பின்னாலும் திறந்தே இருக்கிறது, சூடு வெளியே போகிறது. கிளாம்ப் நான்கை ஆறாக்கினார். எடை விஷயத்தையும் அவர்தான் கேட்டார். பேனல் ஏழெட்டுக் கிலோதான், கேரியர் இரும்பு அதைவிடக் கனம். இரண்டும் சேர்ந்து, வண்டியின் கையேட்டில் கூரைக்குச் சொல்லியிருக்கும் அளவுக்குள் இருக்க வேண்டும்.

இருபுறமும் வேலி நெருங்கிய இட்டேரிப் பாதைக்குள் வண்டியை விடும்போது மட்டும் இறங்கி ஒரு தடவை மேலே பாருங்கள். வேலாங்கிளை கண்ணாடியைக் கீறாது, கனெக்டரைப் பிடுங்கிக்கொண்டு போகும்.

காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை

சோலார் பேட்டரியையும் வண்டி பேட்டரியையும் நேராகச் சேர்த்திருக்கிறீர்கள். ராத்திரி ஃபிரிட்ஜ் இரண்டையும் குடித்துவிட்டது. நடுவில் வோல்டேஜ் பார்த்துச் சேர்க்கிற, பிரிக்கிற ரிலே போடுங்கள், லித்தியம் என்றால் டிசி டூ டிசி சார்ஜர்.

எஃப்எம்மில் கொர் சத்தம்

கண்ட்ரோலரிடமிருந்து வருகிறது. ஜமுக்காளத்தைப் போட்டு மூடினால் நிற்கும், அதுதான் சோதனை. ஏரியல் வயரிலிருந்து கண்ட்ரோலரைத் தள்ளி வையுங்கள், பேனலின் இரு வயரையும் முறுக்கி ஓட்டுங்கள்.

இன்வர்ட்டர் கீச்சென்று கத்தி அணைகிறது

அமராவதிப் பக்கம் மாமனார் தோட்டத்தில் நின்றபோது அவர் வந்து எட்டிப் பார்த்தார். “ஏனுங் மாப்ள, இதுல மிக்சி ஓடுமுங்களா?”

“ஓடுமுங் மாமா” என்று சொல்லிவிட்டேன். 500 வாட் மிக்சி இரண்டு நிமிடம் ஓடினால் 17 வாட் ஹவர், பேட்டரிக்கு அது கொசுக்கடி. நான் மறந்தது கரண்ட்டை. 12 வோல்ட்டில் 500 வாட் எடுக்க, இன்வர்ட்டரின் இழப்பும் சேர்த்து, 50 ஆம்பியர் வேண்டும். மோட்டார் கிளம்பும் கணத்தில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். என் இன்வர்ட்டருக்கு நான் போட்டிருந்ததோ 6 ஸ்கொயர் வயர். பட்டனைத் தட்டியதும் கீச், சிவப்பு விளக்கு, அமைதி. வயரைத் தொட்டால் வெதுவெதுப்பு. அங்கே 16 ஸ்கொயருக்குக் குறையாத, ஒரு மீட்டரைத் தாண்டாத வயரும், பேட்டரி ஓரமாகப் பெரிய ஃபியூஸும் இருந்திருக்க வேண்டும். பேட்டரியின் பிஎம்எஸ் அவ்வளவு கரண்ட்டைத் தருமா என்பதையும் முன்பே பார்த்திருக்க வேண்டும்.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. தேங்காய்ச் சில்லை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் அம்மியைக் கழுவப் போனார்.